நூற்றுவர் தலைவனுக்கு ஓர் இரும்புச் சட்டை

அந்தச் சட்டையை இரும்பிலேயே செய்யலாம் என்று சொன்னது நான்தான். வேறு யாருக்கும் அந்த யோசனை வந்திருக்காது. இதைப் பற்றி யாராவது கேட்டால், இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மாத்தளைப் பக்கம், இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழும் சரித்திரமும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. அம்மா அப்பா போன பிறகு அக்கா வீட்டில்தான் இருந்தேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இரண்டு காம்பராக்களைச் சேர்த்து அத்தான் ஒரு வீடாக்கி வைத்திருந்தார். அவர் ஸ்டோரில் பிட்டர். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். ரோலர் நின்றாலும் அடுப்பு புகைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதிகம் பேசமாட்டார். பேசினால் அதில் ஒரு சின்னக் கேலி இருக்கும். அக்காவைவிடப் பத்து வயது மூத்தவர். பிள்ளைகள் இல்லை. இருவரும் என்னைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

தோட்டத்தில் எங்களைப் போல இருபது இருபத்தைந்து கத்தோலிக்கக் குடும்பங்கள். ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் எங்கள் சிற்றாலயத்தின் முன்னால் பாஸ்கு போடுவோம், கர்த்தருடைய பாடுகளை நாடகமாக. அத்தானுக்கு எப்போதும் ரோமச் சிப்பாய்களை நடத்தும் நூற்றுவர் தலைவன் வேஷம். சிலுவையடியில் ஈட்டியோடு நின்று, கடைசியில் தலையைக் குனிந்து ஒரே ஒரு வரி சொல்வார்: 'இவர் உண்மையாகவே இறைமகன்.' அந்த ஒரு வரிக்காகத் தவக்காலம் முழுக்க மீசையை வளர்ப்பார்.

சிப்பாய்களுக்கு அதுவரை சாக்குதான் சட்டை. கோணிச் சாக்கில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி, ஸ்டோரில் மிச்சமிருக்கும் வெள்ளிப் பெயின்டை அடித்துவிடுவோம். தூரத்திலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும். கிட்டே வந்தால் உர வாடை அடிக்கும்.

அந்த வருஷம் மாத்தளையில் ஒரு பழைய கல்லூரியின் வாசிகசாலையிலிருந்து ஒரு இங்கிலீஷ் புத்தகம் இரவல் வாங்கி வந்திருந்தேன். சிப்பாய்கள் காலங்காலமாக உடம்பில் போட்டுக்கொண்ட கவசங்களின் சரித்திரம். பிள்ளைகளுக்குப் படம் காட்டலாம் என்றுதான் எடுத்தேன். ஆனால் அதில் வளையச் சட்டையைப் பற்றி இருந்த பகுதி என்னைப் பிடித்துக்கொண்டது. சின்னச் சின்ன இரும்பு வளையங்கள், ஒவ்வொன்றும் பக்கத்திலிருக்கும் நான்கைக் கோத்தபடி. துணி மாதிரி மடியும், இரும்பு மாதிரி வெட்டுத் தாங்கும். கர்த்தருடைய காலத்துச் சிப்பாய்கள் போட்டிருந்தது அதைத்தான் என்று அந்தப் புத்தகம் சொன்னது. கல்வாரியில் நின்றவர்கள் அநேகமாக ரோமாபுரியைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்களாம். சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து பட்டாளத்துக்கு எடுக்கப்பட்டவர்களாம்.

அத்தானிடம் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இத மொதல்ல கண்டுபுடிச்சது ரோமாபுரிக்காரனா?"

"இல்ல அத்தான். அவங்க கூடச் சண்ட போட்ட வடக்கத்திச் சனங்கதான் மொதல்ல போட்டாங்களாம். அவங்ககிட்ட பாத்து இவங்க எடுத்துக்கிட்டாங்க."

"எதிரிகிட்டருந்தா? சரிதான். கெட்டிக்காரன் எங்க இருந்தாலும் எடுத்துக்கிருவான்."

"நம்ம ஆளுங்களும் போட்டிருக்காங்க. கவசத்துக்குப் பழைய பாட்டுல மெய்ம்மறைன்னு ஒரு பேரு இருக்கு."

"மெய்ய மறைக்கிறதா?" என்று அவர் சிரித்தார். "நல்ல பேருதான்."

"அத்தான், இந்த வருஷம் உங்களுக்கு மட்டும் ஒன்னு செஞ்சுருவோமா? நெசமான இரும்புல?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். புத்தகத்தை மூடினார். மறுநாள் பின்னேரம் இரத்தோட்டைக் கடையில் வேலிக் கம்பி ஒரு சுருள் வாங்கி வந்துவிட்டார்.

ஜனவரியில் மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்த கையோடு தொடங்கினோம். அரை அங்குல இரும்புக் கோல் ஒன்றில் கம்பியை நெருக்கி நெருக்கிச் சுற்றுவார். சுருள்வில் மாதிரி வரும். அதை நீளவாட்டில் வெட்டினால் வளையங்கள் பொலபொலவென்று உதிரும். பிறகு குறடு இரண்டை வைத்துக்கொண்டு கோர்க்க வேண்டும். வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு உட்கார்ந்தால் ஆறரைச் செய்தி முடியும் வரை கோர்ப்பார். நான் பக்கத்தில் இருந்து புத்தகத்தை வாசித்துத் தமிழில் சொல்வேன்.

பழைய காலத்தில் வளையத்தின் இரு நுனிகளையும் தட்டையாக்கி, துளையிட்டு, ஆணி வைத்து இறுக்குவார்களாம் என்று சொன்னேன். இல்லாவிட்டால் ஈட்டி முனை பட்டவுடன் வளையம் வாயைத் திறந்துவிடும். அத்தானுக்கு அது பிடித்துவிட்டது. ஒரு நாள் முழுப் பின்னேரமும் முயன்று பார்த்தார். மூன்று வளையம்தான் தேறியது.

"இதச் செஞ்சவனுக்கெல்லாம் நாப்பது வயசுலயே கண்ணு போயிருக்கும்" என்றார். "நமக்கு நாடகந்தானே. சும்மா மூடுனாப் போதும்."

இந்தச் சட்டை வெட்டுக்குத் தாங்கும், ஆனால் தடியால் அடித்தால் உள்ளே எலும்பு முறியும், அதனால் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தடித்த சட்டை ஒன்றைப் போடுவார்கள் என்று வாசித்தேன். அடுப்பங்கரையில் இருந்த அக்கா அதைக் கேட்டுவிட்டாள். அதுவரை "ரெண்டு பேருக்கும் பைத்தியம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், பழைய போர்வை ஒன்றைக் கிழித்து, இலவம் பஞ்சை அடைத்து, கட்டம் கட்டமாகத் தைத்து ஓர் உள்சட்டையைச் செய்தாள். தோளில் கம்பி உறுத்தக் கூடாது என்று அங்கே மட்டும் இரண்டு மடங்கு பஞ்சு வைத்தாள்.

அளவுக்காக நான் ஒரு படம் வரைந்தேன். ஒரு மனிதனின் கழுத்திலிருந்து தொடை வரை, முன்னும் பின்னும். நெஞ்சு எத்தனை அங்குலம், தோள் எத்தனை, எந்த இடத்தில் எத்தனை வரிசை வளையம், பாரம் இடுப்புக்கு இறங்க வார் எங்கே கட்ட வேண்டும் என்று அம்புக்குறி போட்டுத் தமிழில் எழுதினேன். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. எழுத்துகள் அச்சடித்த மாதிரி இருந்தன.

தவக்காலத்து நான்காம் வாரத்தில் முன்பக்கம் முடிந்திருந்தது. பின்பக்கம் பாதி. அத்தான் அதைப் போட்டுப் பார்த்த அன்று லயத்துச் சனம் எல்லாம் வாசலில் கூடிவிட்டது. அவர் கையைத் தூக்கினார், குனிந்தார், நிமிர்ந்தார். நடந்தால் மெல்லிய மழை பெய்கிற சத்தம். அவர் முகத்தில் அப்படி ஒரு வெட்கச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அந்த வருஷம் பங்குச்சாமியார் தோட்டத்து ஆட்களையும் டவுன் ஆட்களையும் சேர்த்து மாத்தளையில் ஒரே பாஸ்குவாகப் போட நினைத்திருந்தார். அவர் சிங்களவர். எங்களோடு இருபது வருஷம் பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார். சனிக்கிழமை பின்னேரம் டவுன் கோயிலில் ஒத்திகை. நான் பாஸ்குவில் நடிக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸிலேயே போக வேண்டியிருந்தது. அத்தானுக்கு மத்தியானம் வரை வேலை.

"மத்தியான பஸ்ல வரும்போது சட்டையையும் கொண்டாங்க அத்தான். பாதர் பாக்கணும்."

"இன்னும் முடியலியே பாப்பா. முடிச்சிட்டுக் காட்டுவோம்."

"முடியாட்டியும் பரவால்ல. பாதர் பாத்தா சந்தோசப்படுவாரு. கொண்டாங்க."

"பாரமா இருக்கும். பஸ்ஸுல சனம்."

"ஒரு நாளைக்குத்தானே."

அவர் சரியென்றார். இதுவும் நான்தான் சொன்னேன்.

கோயில் மண்டபத்தில் இரண்டு மணி வரை காத்திருந்தோம். மூன்று ஆனது. எங்கள் டிவிஷனில் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா, வயது ஐம்பதுக்கு மேல், செருப்பில்லாமல் மண்டபத்துக்குள் ஓடி வந்தாள். அத்தான் வந்த பஸ்ஸில்தான் அவளும் வந்திருக்கிறாள். அவள் சொன்னதை வைத்துத்தான் எனக்கு இது தெரியும்.

டவுனுக்கு வருகிற வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்திருக்கிறார்கள். எப்போதும் நடப்பதுதான். எல்லாரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி, நடந்து போய் அந்தப் பக்கத்தில் ஏற வேண்டும். அத்தானிடம் அட்டை இருந்தது. ஆனால் அவர் தோளில் இருந்த உரப் பையை ஒரு ஆமிக்காரப் பையன் வாங்கித் தூக்கிப் பார்த்திருக்கிறான். பாரம். வாயைப் பிரித்துக் கொட்டியிருக்கிறான். கோர்க்காத வளையங்கள் தார் ரோட்டில் சிதறி ஓடின. பிறகு குறடு, கம்பி வெட்டுகிற கத்தரி, மிச்சக் கம்பிச் சுருள் எல்லாம் விழுந்தன. அதன் பிறகு பஞ்சு அடைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்த சட்டை. கடைசியாக, பாதி முடிந்த இரும்புச் சட்டை.

யுத்தம் நடந்த அந்த நாட்களில் நாட்டில் எல்லாருக்கும் 'ஜெக்கட்' என்றால் ஒன்றே ஒன்றுதான். உடம்பில் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போய் வெடிக்க வைப்பது. இரும்புத் துண்டுகள், கம்பி, உள்ளே எதையோ வைத்துத் தைத்த துணி. அந்தப் பையன் என்ன நினைத்திருப்பான் என்று எனக்கு விளங்குகிறது. அன்றைக்கே விளங்கியது.

"ஜெக்கட் எகக்!" என்று அவன் கத்தினானாம். ஒரு ஜெக்கட் என்று. சனம் எல்லாம் விழுந்தடித்து ஓடியிருக்கிறது. அத்தானை ரோட்டில் குப்புறப் படுக்க வைத்தார்கள். அவர் தலையைத் தூக்கி, "நாடகய, மாத்தயா, நாடகய" என்று இரண்டு தடவை சொன்னாராம். நாடகம் ஐயா, நாடகம். பிறகு அவர் முதுகில் ஒருவன் ஏறி நின்றதைத்தான் அந்த அம்மா பார்த்தாள்.

பாதரும் நானும் பொலிஸ் ஸ்டேசனுக்கு ஓடினோம். பொறுப்பில் இருந்த அதிகாரி எழுந்து நின்று பாதருக்குக் கதிரை போட்டார். சிங்களத்தில் மரியாதையாகத்தான் பேசினார். பாதர் எல்லாவற்றையும் சொன்னார். பாஸ்கு, பெரிய வெள்ளி, ரோமச் சிப்பாய்கள். அதிகாரி கடைசி வரை கேட்டார்.

"பாதர், நீங்க நல்லவர். அதனாலதான் உங்களை ஏமாத்தியிருக்காங்க" என்றார். "நாடகத்துக்குச் சட்டைன்னா சாக்குல செய்யலாம். பேப்பர்ல செய்யலாம். இரும்புல எதுக்கு?"

பாதர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம்தான் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி மேசை லாச்சியிலிருந்து, அத்தானின் பையில் கிடைத்த ஒரு தாளை எடுத்து விரித்தார். என் படம். என் எழுத்து.

"இதைப் பாருங்க. உடம்பு, அளவு, எங்க கட்டணும்னு அம்புக்குறி. இது யாரோ படிச்சவன் வரைஞ்சது. ஆனா அவன் தானே வரைஞ்சதாச் சொல்றான். எழுதுடான்னு சொன்னா இப்படி எழுத வரலை. அப்போ அவன் பின்னால யார் இருக்கா?"

அத்தான் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பெயரெழுதுவார், ஸ்டோர்ப் புத்தகத்தில் இலக்கம் எழுதுவார். அவ்வளவுதான்.

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். "அது என் எழுத்து" என்று இரண்டு வார்த்தை சிங்களத்தில் சொல்ல எனக்குத் தெரியும். அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாதர் என் கையை மெதுவாக அழுத்தினார். பேசு என்று அழுத்தினாரா, பேசாதே என்று அழுத்தினாரா, தெரியவில்லை. பிறகு கேட்டபோது அவருக்கும் ஞாபகமில்லை. வெளியே வந்துவிட்டோம். உள்ளே எங்கோ அத்தான் இருந்தார். அவரைக் காட்டவில்லை.

வீட்டுக்குப் போனதும் அக்கா கேட்டாள்.

"அந்தப் படம் ஒன்னுதுன்னு சொன்னியா?"

"இல்லக்கா."

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நல்லது. சொல்லாத. ஒன்னயும் உள்ள வச்சிட்டாங்கன்னா நான் யாரக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்? பாதர் இருக்காரு. ரெண்டு நாள்ல விட்டுருவாங்க."

இரண்டு நாளில் விடவில்லை. தொழிற்சங்கத் தலைவர் கடிதம் ஒன்று கொடுத்தார். தோட்டத்தை நடத்தும் துரை, "நல்ல வேலைக்காரன்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். கம்பி விற்ற கடை முதலாளி ஒரு சிங்களவர். அத்தானோடு பல வருஷப் பழக்கம். நாடகத்துக்கு என்று சொல்லித்தான் கம்பி வாங்கினான் என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், அந்தக் கடுதாசி குடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல முதலாளி. நாளைக்குத்தான் கொண்டு போறோம்."

"திருப்பித் தந்துருங்க டீச்சர். கோவிக்காதீங்க. ரெண்டு பேர் கடைக்கு வந்து கேட்டாங்க. புலிக்குக் கம்பி வித்தியான்னு கேட்டாங்க. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க."

கொடுத்தேன். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அவன் நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தபடி போனார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. நானும் அதையேதான் செய்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் அக்கா விடிந்ததும் என் பாயருகில் வந்து உட்கார்ந்தாள். ஒரு வாரமாக அவள் தலை வாரவில்லை.

"போயிச் சொல்லிரு" என்றாள். "அது டீச்சர் வரஞ்சதுன்னு தெரிஞ்சா, நாடகந்தான்னு நம்புவாங்க. நீ படிச்சவ. கவர்மென்டு வேல. ஒன்ன ஒன்னும் செய்யமாட்டாங்க."

அந்தப் புத்தகத்தையும் என் பாடக் கொப்பிகளையும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். பாதர் கண்டிக்கு ஆயரைப் பார்க்கப் போயிருந்தார்.

அதே அதிகாரி. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். என் கொப்பியையும் அந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுத்து ஒன்றுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. புத்தகத்தைத் திறந்து, நான் அடையாளத்துக்குத் தாள் வைத்திருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். வளையச் சட்டை போட்ட சிப்பாய்கள், குதிரைமேல், கோட்டை மதில்மேல், மண்ணில் விழுந்து கிடப்பவர்கள். அவர் முகம் சற்று இளகியது.

"இது துவக்குக் குண்டைத் தாங்குமா?" என்று கேட்டார்.

"இல்லை சார். வாள் வெட்டைத்தான் தாங்கும். துவக்கு வந்த பிறகு மெல்ல மெல்ல விட்டுட்டாங்க."

"அப்புறம் என்ன போட்டாங்க?"

"தகடு போட்டாங்க. அதுவும் தாங்கலை. பிறகு ரொம்ப காலம் ஒன்றும் போடலை. வெறும் துணிச் சட்டையோடதான் போனாங்க."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "என் தம்பி வடக்கே இருக்கான்" என்றார். "ஆமியில. லீவுல வந்தப்போ கேட்டேன், உங்களுக்குக் குண்டு தாங்குற சட்டை தரலையான்னு. பத்துப் பேருக்கு ரெண்டு இருக்குதாம். யார் முன்னால போறானோ அவன் போட்டுக்குவானாம்." புத்தகத்தில் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். "எங்க அம்மா காவலுக்கு மந்திரிச்ச ஒரு யந்திரம் கட்டி அனுப்பினா. கையில ஒரு நூல். அவ்வளவுதான்."

இந்த மனிதர் அத்தானை விட்டுவிடுவார் என்று அந்த நிமிஷத்தில் முழுதாக நம்பினேன்.

அவர் பேனாவை எடுத்து என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார். வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். பிறகு சொன்னார்:

"டீச்சர், நீங்க சொல்றதை நான் நம்புறேன். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. அவன் முதல் நாளே, தானே வரைஞ்சதாச் சொல்லி, கையெழுத்து வச்சிருக்கான். அது மேல போயிருச்சு. இப்போ இது போகும். அவன் பொய் சொல்லியிருக்கான்னு ஆகும். ஏன் பொய் சொன்னான்னு கேப்பாங்க. வேற எதையெல்லாம் மறைச்சான்னு கேப்பாங்க."

"அப்போ இதைக் கிழிச்சிருங்க சார்."

"கிழிக்க முடியாது. பதிஞ்சாச்சு."

"அப்போ நான் என்ன செய்யணும்?"

"எனக்குத் தெரியலை" என்றார். அதைச் சொன்னபோது அவர் அதிகாரி மாதிரி இல்லை. "இது இப்போ என் கையில இல்லை."

புத்தகத்தைச் சான்றாக வைத்துக்கொண்டார். என்னைப் போகச் சொன்னார். ஸ்டேசன் வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். காவலுக்கு நின்றவன் எழும்பச் சொல்லும் வரை உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு மூன்றாம் நாள் அத்தானை அங்கிருந்து கொண்டுபோய்விட்டார்கள். எங்கே என்று சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து, கைதிகளைப் பார்க்கப் போகும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் மூலம் ஒரு சின்னக் கடிதம் வந்தது. தெற்கே ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறார். சுகம். கவலைப்பட வேண்டாம். யாரோ எழுதிக் கொடுத்தது, கீழே பெயர் மட்டும் அவர் எழுத்து, வளைந்து நெளிந்து.

இதற்கிடையில் வந்த பெரிய வெள்ளியன்று பாஸ்கு நடக்கவில்லை. கூட்டம் போட அனுமதி கிடைக்காது என்று பாதருக்குத் தெரிந்துவிட்டது. கோயிலுக்குள்ளேயே பாஸ்கு ஏட்டை வைத்துப் பாடுகளை வாசித்தார்கள். ஒவ்வொருவர் பேச்சையும் ஒவ்வொருவர் நின்று வாசிக்க வேண்டும். நூற்றுவர் தலைவனின் வரி வந்தது. அதை யார் வாசிப்பது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. பாதரே அதையும் வாசித்தார். அக்கா அன்று கோயிலுக்கு வரவில்லை.

பதினான்கு மாதம். அக்கா இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பாள். முதல் தடவை நானும் வருகிறேன் என்றேன். "நீங்க வேண்டாம் டீச்சர்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மற்ற சனம் சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் ஏதோ வாய்தவறி வந்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான் கூப்பிட்டாள். அதன் பிறகு அவள் வாயில் எனக்கு வேறு பெயர் வரவில்லை.

அவள் என்னை ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை. சோறு வைத்தாள், என் சேலையைத் துவைத்தாள், காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்தாள். இலவம் பஞ்சை அடைத்துத் தைத்தது தன் கைதான் என்று அவளும் நினைத்திருக்கலாம். பாரமாக இருக்கும் என்று அவர் சொன்னபோது தானும் கூடவே இருந்தோமே என்று நினைத்திருக்கலாம். அதைப் பேச எங்களுக்கு வழி தெரியவில்லை. ஒரே காம்பராவில் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டோம்.

வழக்கு என்று ஒன்று வைக்கவே இல்லை. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அத்தான் தானாக நடந்து வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி ஏறிவர இரண்டு மணி நேரம் எடுத்ததாம். மீசை இல்லை. முடி முழுக்க வெள்ளை. அக்கா அவர் காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அவர் அவள் தலையில் வலது கையை வைத்தார். இடது கை பக்கத்தில் தொங்கியது. அது தோளுக்கு மேலே போகாது என்று அடுத்த நாள்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஸ்டோரில் வேறு பிட்டர் வந்திருந்தான். துரை மாறியிருந்தார். புதுத் துரை, "அந்தக் கேஸ் ஆள்" என்று சொல்லி வேலை தரவில்லை. லயத்துச் சனம் வந்து பார்த்தார்கள். ஆனால் யாரும் நெடுநேரம் இருக்கவில்லை. அவர் உள்ளே போய் வந்தவர். அவரோடு நின்று பேசுவதை யாராவது பார்த்தால் என்ன ஆகுமோ என்ற பயம். இது வன்மம் இல்லை. எல்லார் வீட்டிலும் ஆம்பிளைப் பிள்ளைகள் இருந்தார்கள்.

பாதருக்குத் தெரிந்த ஒருவர் மூலம் கலேவெலப் பக்கம் ஒரு வேலை கிடைத்தது. வயல்களுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளைத் திருத்துகிற ஒரு சின்னக் கடை. சுற்றிலும் சிங்களக் கமக்காரர்கள். இரண்டு பேரும் போனார்கள். நான் தோட்டத்திலேயே இருந்தேன். வாவென்று அக்கா சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருப்பேனா என்று தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பள்ளிக்கூட விடுமுறையில் பார்க்கப் போனேன். தகரக் கூரை போட்ட கடை, பின்னால் இரண்டு அறை, முற்றத்தில் கழற்றிப் போட்ட பம்புகள். அத்தான் ஒரு முக்காலியில் இருந்து கரி பிடித்த பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். அக்கா உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள். இதுதான் சமயம் என்று நினைத்தேன்.

"அத்தான், ஒன்னு கேக்கலாமா?"

"கேளு பாப்பா."

"அந்தப் படத்த நீங்க வரஞ்சதா ஏன் சொன்னீங்க?"

துடைத்துக்கொண்டே இருந்தார். "நெனச்சிச் சொல்லல. யாரு வரஞ்சதுன்னு கேட்டான். நாந்தான்னு வாயில வந்திருச்சி. ஒன்னோட வேல போயிரும்னு ஒரு நெனப்பு இருந்திருக்கும். இப்ப நெனச்சா அதுகூடச் சரியாத் தெரியல."

"நான் ஒம்பது நாள் பேசாம இருந்தேன் அத்தான்."

"தெரியும்."

"பொறகு போயிச் சொன்னேன்."

"அதுவும் தெரியும்" என்றார். பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நீ வந்து சொல்லிட்டுப் போன அன்னிக்குத்தான் கைய மேல கட்டித் தொங்கவிட்டாங்க. அதுக்கு முன்னால அவ்வளவு இல்ல."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பிளக்கைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். அந்த வார்த்தையை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாமல் அவர் தவித்தது எனக்குத் தெரிந்தது. அவர் என்னைக் குத்துவதற்குச் சொல்லவில்லை. நடந்த ஒன்றை நடந்தபடி சொன்னார். அவருக்கு அப்படித்தான் பேச வரும்.

"நீ சொல்லாம இருந்திருந்தாலும் அப்படித்தான் ஆயிருக்கும்" என்றார். "இன்னொரு நாள் வேற எதுக்காச்சும் கட்டியிருப்பாங்க. அத நெனக்காத."

நான் தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவை எல்லாம் அந்த இடத்தில் சின்னதாகிவிட்டன.

சைக்கிளில் ஒரு கமக்காரர் வந்து, "பாஸ்!" என்று கூப்பிட்டார். வயலில் பம்பு நின்றுவிட்டதாம், நாற்று காய்கிறதாம். அத்தான் எழுந்தார். சாமான் பெட்டியை வலது கையில் எடுத்துக்கொண்டார். இடது கையை சாரத்து மடிப்பில் சொருகி வைத்தார், அது ஆடாமல் இருக்க.

"சாப்பிட்டுட்டுப் போ பாப்பா. மாத்தளை பஸ் மூணு மணிக்கு" என்று சொல்லிவிட்டு சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். கமக்காரர் அவர் ஏறும் வரை பொறுமையாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா உள்ளிருந்து கூப்பிட்டாள். பாய் விரித்து, தண்ணீர் வைத்து, பீங்கான் தட்டில் சோறு போட்டிருந்தாள். கத்தரிக்காயும் கருவாடும், எனக்குப் பிடித்த மாதிரி உறைப்பாக. எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டாள். போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள். போடுங்க என்றேன்.